வைரத்துக்குப் போட்ட கணப்பு

மேகத்துக்கு நடக்கத் தெரியும் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், கண்ணுகளா. தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. மத்தியானச் சோறு தின்று கை கழுவுகிற நேரத்துக்கு, அங்கே மேகம் ஓடையிலிருந்து எழுந்து, மிளகுக்கொடிகளைத் தடவிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஆள் மாதிரியே ஏறி வரும். வழியில் ஏதாவது கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கும். மூடியிருந்தால் வாசலில் சற்று நின்றுவிட்டு மேலே போய்விடும்.

அப்படி ஒரு கதவு இறுக்கி மூடிக்கிடந்த மார்கழி மாதத்து நாளில்தான், சத்தியபிரியா அந்தத் தோட்டத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கினாள்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒன்றோடொன்று உரசுகிற பொருள்கள் எப்படித் தேய்கின்றன, தேயாமல் இருக்க அவற்றுக்கு மேலே என்ன பூசலாம் என்று பார்க்கிற வேலை. "ஊருல எல்லாரும் வளருறதப் பாக்கப் படிக்கிறாக, எங்க அக்கா மக தேயுறதப் பாக்கப் படிச்சிருக்கா" என்று அவளுடைய சின்னம்மா ஞானம்மா எல்லோரிடமும் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருக்கும்.

ஞானம்மா இருப்பது தோட்டத்தின் உச்சியில், மேல் லயத்தில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் வீட்டு வரிசை அது. தண்ணீர் விழுகிற குழாயை அவர்கள் இன்றைக்கும் பீலி என்றுதான் சொல்வார்கள். பீலியில் தண்ணீர் விழ வேண்டுமானால், கீழே ஓடையோரத்து மோட்டார் ரூமிலிருந்து பம்ப்பு அதை மலைமேல் தள்ள வேண்டும். அங்கேதான் எல்லாச் சங்கடமும்.

பம்ப்பின் தண்டைச் சுற்றி இரண்டு வளையங்கள், முகத்தோடு முகம் வைத்தாற்போல் ஒட்டியிருக்கும். ஒன்று சுற்றும், ஒன்று நிற்கும். தண்ணீர் வெளியே கசியாமல் காப்பது அந்த இரண்டும்தான். அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. கோடையில் ஓடை சுருங்கும். பம்ப்பு தண்ணீரைக் குடிக்கப் போய்க் காற்றைக் குடிக்கும். படலம் வற்றும். வளையங்கள் கீச்சிட்டு, சூடேறி, ஒருநாள் படீரென்று வெடித்துவிடும். அடுத்த வளையம் வந்து சேரும்வரை மேல் லயத்துப் பெண்கள் குடத்தோடு ஜீப் ரோட்டில் ஏறுவார்கள்.

வருஷாவருஷம் இதே கூத்து. மேனேஜர் ராஜமுருகனுக்குச் சலித்துப்போயிற்று. காப்பிப் பழம் அலசுகிற தொட்டிக்கே தண்ணீர் போதவில்லை. மேலே போகிற பைப்பைக் கழற்றித் தொட்டிக்குத் திருப்பிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். அது தெரிந்ததும் சத்தியபிரியா போன் போட்டுக் கெஞ்சி, ஒரு நாள் வாங்கியிருந்தாள். அந்த ஒரு நாள்தான் இது. பம்ப்புக்குத் தண்ணீர் வருகிற வால்வை மூடிவிட்டு, வெறும் காற்றில் ஓட்டிக் காட்ட வேண்டும். பொழுது சாய்கிறவரை புது வளையம் தாங்கினால் பைப் இருக்கும். தாங்காவிட்டால் மேல் லயத்துப் பீலியில் இனி எந்தக் காலத்திலும் தண்ணீர் விழாது.

புது வளையம் என்றால் சாதாரண வளையமில்லை. சிலிக்கன் கார்பைடு என்கிற கறுத்த பீங்கானில் செய்து, அதன் முகத்தில் வைரம் வளர்த்தது. ஆமாம், வைரம்தான். நகைக்கடை வைரம்போல் கண்ணைப் பறிக்காது. ஒரு கலத்துக்குள் வாயுவைச் சூடாக்கினால், கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படிகிற மாதிரி, பீங்கான் மேல் வைரம் மெல்ல மெல்லப் படியும். தலைமுடியைவிட மெல்லிய பூச்சு. அதைப் படியவைப்பதில் அவளுக்கு எத்தனையோ தடவை தவறிப்போய், கடைசியில் உருப்படியாக ஒரே ஒரு ஜோடி தேறியது. அதை முந்தின நாளே சின்னம்மா மகன் சுரேந்திரனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவன்தான் மோட்டார் ஓட்டுகிறவன். "பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கங்க" என்று போனிலும் சொல்லியிருந்தாள்.

மோட்டார் ரூம் கதவைத் தள்ளியதும் வெக்கை முகத்தில் அடித்தது. நான்கு மூலையிலும் மண்சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. சன்னல் கம்பிகளுக்குள் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். நடுவில், பெட்டியிலிருந்த வளையங்களுக்குக் காவலாகக் காளியாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. தோட்டத்தில் பழம் பறிக்க வருகிறவள்.

"செருப்பக் கழட்டிப்போட்டு வா தாயி. கதவச் சாத்து. பனி வாடை அடிக்கும்ல."

"என்னக்கா இது?"

"நீதான தாயி போன்ல சொன்ன, பச்சப்புள்ள மாதிரின்னு. பிள்ள பெத்த வீட்டுல நாங்க என்ன செய்வோம்? கணப்புப் போடுவோம். சன்னல அடைப்போம். ஈரக்காத்து அண்ட விடமாட்டோம். வெள்ளனே வந்து கெடக்கேன்."

வாசலில் நின்ற சுரேந்திரன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "நான் உள்ள போயிட்டு வந்தா அவிஞ்ச கெழங்கு மாதிரி வர்றேன் பிரியா. சாம்பிராணி வேற போடணும்னாக. நாந்தான் தடுத்து வச்சிருக்கேன்."

"போட்டா என்னலே? ஒனக்குப் போட்டதுதான?"

"அதாங்க்கா இப்பிடி இருக்கேன்."

சத்தியபிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. மலைக்குளிரில் ஜீப்பில் வந்த விரல்கள் விறைத்திருந்தன. கரிச்சட்டியில் கையைக் காட்டினாள். இதமாக இருந்தது. இவ்வளவு பிரியத்தோடு யாரும் அவளுடைய வளையத்தைப் பார்த்துக்கொண்டதில்லை. அதற்குமேல் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

வளையங்களை மாட்டினாள். உரசலை அளக்கிற சிறு கருவியைப் பொருத்தி, லேப்டாப்பை சன்னலோரம் வைத்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு. உரசல் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். பக்கத்தில் அறையின் சூட்டையும் காற்றிலுள்ள ஈரத்தையும் காட்டுகிற இரண்டு எண்கள். சுரேந்திரன் வால்வை மூடினான். மிச்சத் தண்ணீர் வடிந்தது. மோட்டாரைப் போட்டான்.

கர்ரென்று சத்தம் வந்தது. அவள் கலங்கவில்லை. எதிர்பார்த்ததுதான். வைரம் படிந்த முகத்தைப் பூதக்கண்ணாடிக்குள் அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவது, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மலைநாடு. பூம்பாறைச் சரிவில் பூக்கோசு விளைந்து கிடக்கிற மாதிரி, குமிழ் குமிழாக, குன்று குன்றாக. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் குன்றுகளுக்கு இடையில் தானும் ஒரு சிறு ஆளாக நடந்துபோவது போல் அவளுக்குத் தோன்றும். இரண்டு மலைநாடுகளை முகத்தோடு முகம் வைத்துச் சுற்றினால், முதலில் உச்சிகள் இடிக்கத்தான் செய்யும். இடித்து இடித்து மழுங்கும். மழுங்கியதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது. கோடு ஏறி, கொஞ்ச நேரம் தத்தளித்து, பிறகு தூக்கம் வந்த குழந்தைபோலச் சரிந்து படுத்துவிடும்.

அந்தச் சரிவுக்காகக் காத்திருந்தாள்.

கோடு சரியவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. கர்ரென்ற சத்தம் கீச்சாக மாறியது. வளையக் கூட்டைத் தொட முடியாதபடி சுட்டது. காளியாயி, பிள்ளை அழுகிறதென்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் இரண்டு கரித்துண்டைச் சட்டியில் போட்டு ஊதினாள்.

ராஜமுருகன் காப்பி காய்கிற களத்துக்குப் போகிற வழியில் வாசலில் நின்றார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

"போன வருசம் வெடிச்சதும் இதே ராகந்தான் பாடுச்சு, மேடம்."

"ஆரம்பத்துல அப்படித்தாங்க இருக்கும். எறங்கிரும்."

"எறங்கட்டும். சாயங்காலம்னு சொன்னேன், சாயங்காலம்தான். எனக்கும் அந்தப் பைப்பக் கழட்டணும்னு ஆசையா என்ன? பழம் குவிஞ்சு கெடக்கு, அலசாம வச்சா நாறிப்போகும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மத்தியானம் ஞானம்மா தூக்குச்சட்டியில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கீச்சுச் சத்தத்தைக் கேட்டும் கேட்காதவள் போல் டம்ளரில் ஊற்றினாள்.

"குடி மொதல்ல. மூஞ்சி வெளிறிக் கெடக்கு."

"நிக்க மாட்டேங்குது சின்னம்மா. ஏன்னே தெரியல."

"நிக்காட்டிப் போகுது. மேனேஜர் தொர கழட்டுனாக் கழட்டட்டும். நாங்க சொமந்து பழகுன ஆளுகதான." சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்திருக்க ஒரு கைத்தாங்கல் தேவைப்பட்டது.

அந்த முழங்காலைப் பார்த்தபின் சத்தியபிரியாவால் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. தலை வேறு வலித்தது. மூடின அறையில் கரிச்சூடு. கண் எரிந்தது, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. மயக்கம் வரும்போல் இருக்கவே, டம்ளரோடு வெளியே வந்தாள். மற்றவர்களையும் வெளியே வரச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்தபடியே நின்றது.

மேகம் வருகிற நேரம் அது.

ஓடையிலிருந்து எழுந்து, மிளகுக்கொடிகளைத் தடவி, பாதையில் ஏறி வந்தது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. பிறகு ஓடை. சின்னம்மாவின் முந்தானை மட்டும் வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடாக நின்று, அதுவும் கரைந்தது. சத்தியபிரியா தன் கையை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனி தெரியவில்லை. உலகத்தை யாரோ மெதுவாக அழித்துவிட்டு, கீச்சுச் சத்தத்தை மட்டும் மிச்சம் வைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சத்தமும் தேய்ந்தது.

கீச்சு கரகரப்பாயிற்று. கரகரப்பு முனகலாயிற்று. முனகல் இல்லாமலே போயிற்று.

வெடித்துவிட்டது என்று நினைத்தாள். டம்ளர் கைநழுவியது. வெள்ளைக்குள் கையைத் துழாவிக்கொண்டு ஓடி, கதவுக்குள் நுழைந்தாள். உள்ளேயும் மேகம் இருந்தது. கரிச்சட்டிகள் மங்கலான நான்கு சிவந்த கண்களாகத் தெரிந்தன. பம்ப்பின் தண்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தமில்லாமல். திரையில் பச்சைக் கோடு செங்குத்தாக இறங்கி, அடியில் போய்ப் படுத்திருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு அது கனவு மாதிரி இருந்தது. வளையத்தைத் தொடாமல், பக்கத்தில் கையை மட்டும் வைத்தாள். சூடு தணிந்துகொண்டிருந்தது. பிறகு அந்த இரண்டு எண்களில் ஒன்று கண்ணில் பட்டது. காற்றின் ஈரம். காலையிலிருந்து பாலைவனத்துக் கணக்கில் கிடந்த எண் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

வைரத்தின் சமாச்சாரம் இதுதான், கண்ணுகளா. அதன் மேல்தோலில் இருக்கிற ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு கை சும்மா இருக்கும். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அதற்கு. வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் எதிரே வருகிற வைரத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுற்றுகிற சுற்றில் பிடித்த கை பிய்யும், மறுபடி பிடிக்கும், மறுபடி பிய்யும். அந்தப் பிடிவாதம்தான் உரசல், தேய்மானம் எல்லாம். காற்றில் ஈரமிருந்தால் அந்த ஈரம் உடைந்து, சும்மா இருக்கிற கைகளிலெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். கை நிறைந்தவர்கள் அடுத்தவரைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். விலகி, வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம் அவள் படித்தவள்தான். பரீட்சையில் எழுதியவள்தான். கரிச்சட்டியில் குளிர் காய்ந்தபோது ஞாபகம் வரவில்லை.

"அய்யய்ய, கதவத் தெறந்து போட்டுட்டாளே!" காளியாயி மேகத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்து கதவைப் பிடித்தாள். "பனி பூராம் உள்ள போயிருச்சு. வெரசா சாத்துலே சுரேந்திரா!"

"சாத்தாதீங்கக்கா!"

"சளி புடிச்சுரும் தாயி!"

"புடிக்கட்டும்க்கா. இந்தப் பிள்ளைக்கு ஈரம்தான் தாய்ப்பாலு."

காளியாயி கதவை விடவில்லை. சத்தியபிரியாவும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, சுரேந்திரன் நடுவில் வந்து நின்றுகொண்டு, "கேளுங்கக்கா, சத்தம் வருதா? வரலேல்ல? பிள்ள தூங்குது" என்றான்.

காளியாயி கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். "என்ன பிள்ளையோ, போ. உலகத்துல இல்லாத பிள்ள."

ராஜமுருகன் சத்தம் நின்றதைக் கேட்டுக் களத்திலிருந்து வந்தார். பைப்பைக் கழற்றத் திருகுசாவியோடு ஓர் ஆளையும் கூட்டிவந்திருந்தார். தண்டு சுற்றுவதைக் குனிந்து பார்த்தார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒண்ணு. மேகம் வந்தா ஓடும்ங்கிறீங்க. சித்திர மாசத்துல மேகத்துக்கு எங்க போக? சருகு பத்தி எரியுற மாசம். ஓடை வத்துறதும் அப்பத்தான், பம்ப்பு காத்தக் குடிக்கிறதும் அப்பத்தான்."

அவர் சொன்னது சரி. தேவைப்படாத மாதத்தில் தாங்குகிற வளையம் யாருக்கு வேண்டும்? சாவி வைத்திருந்த ஆள் வாசலில் காலை மாற்றி மாற்றி நின்றான். ஞானம்மா ஓடைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்தியபிரியா சன்னலைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே திணித்த சாக்கின் வெளிப்பக்கம் மேகத்தில் ஊறிப்போயிருந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. விழுந்தது. அடுத்த சொட்டு திரண்டது.

"சுரேந்திரா, அந்தச் சாக்கப் பிடுங்கு. மோட்டாரை நிறுத்து. மிளகுக்கொடி கட்டுற கம்பி இருந்தாக் கொண்டா."

கம்பியை வளைத்து, சுற்றுகிற தண்டைத் தொடாதபடி வளையக் கூட்டைச் சுற்றி ஒரு கூண்டு போலச் செய்தான். சாக்கை ஓடைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து அதன்மேல் போர்த்தினாள்.

"காளியாயிக்கா, இப்ப உங்க கணப்பு வேணும். எத்தன சட்டி இருக்கோ அத்தனையும். கதவச் சாத்தி, சித்திர மாசத்தக் கொண்டாங்க."

"இப்பத்தான வேணாம்ன?"

"அறை காயணும்க்கா. வளையம் மட்டும் காயக் கூடாது."

"ஒரு நெலையில நில்லு தாயி" என்று வைதுகொண்டே காளியாயி போனாள். மேல் லயத்திலிருந்தும் சட்டிகள் இறங்கி வந்தன. மேகத்துக்குள் பெண்கள் தெரியவில்லை. கனல்கள் மட்டும் மிதந்து மிதந்து பாதையில் இறங்கின. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, கரிச்சூட்டில் யாரும் இருக்கக் கூடாதென்று எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தினாள். சாத்த வராமல் இறுகிக் கிடந்த சன்னல் கண்ணாடிக் கதவையும் பலங்கொண்டு இழுத்து மூடினாள். கண்ணாடி வழியே திரை தெரிந்தது.

இந்த ஒரு ஜோடிதான் இருக்கிறது. சாக்கு உதவாவிட்டால் வெடித்துவிடும். அப்புறம் வளையமும் இல்லை, பீலியும் இல்லை. வெளிச்சுவரில் இருந்த சுவிட்சில் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஈரத்தின் எண் இறங்கியது. காலையில் இருந்ததைவிடக் கீழே போயிற்று. உள்ளே சித்திரை வந்துவிட்டது. பச்சைக் கோடு தலையைத் தூக்கியது. தூக்கிய தலை அங்குமிங்கும் பார்த்தது. பிறகு மெல்லச் சாய்ந்தது. சாக்கிலிருந்து எழுந்த ஆவி வளையத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி மேகமாக நின்றது.

பொழுது சாய்கிறவரை அப்படியே ஓடிற்று. இடையில் இரண்டு தடவை மோட்டாரை நிறுத்தி, கதவைத் திறந்து புகையை விரட்டி, சாக்கை நனைத்துப் போட்டார்கள். ராஜமுருகன் களத்துக்குப் போகவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடையில இந்தச் சாக்க யாரு நனைக்கிறது?" என்று கடைசியில் கேட்டார்.

"நாங்கதான்" என்றது மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "நீ ஒரு நாளு, நா ஒரு நாளு" என்றது இன்னொன்று. "சுரேந்திரன நம்பாதீக, தூங்கிப்புடுவான்" என்றது காளியாயி.

மோட்டாரை நிறுத்தி ஆறவிட்டு, சத்தியபிரியா வளையத்தைக் கழற்றினாள். முகம் கண்ணாடியாக மின்னியது. ஓர் ஓரத்தில் மட்டும், காலையில் காய்ந்து உரசிய இடத்தில், நகக்கீற்று அளவுக்குப் பூச்சு தேய்ந்து பீங்கான் தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை. ராஜமுருகனிடம் காட்டினாள்.

"இது என் தப்பு. காலையிலயே கவனிச்சிருக்கணும்."

"தாங்குமா?"

"இந்தக் கோடைக்குத் தாங்கும்னு நெனைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. அதுக்குள்ள இன்னொரு ஜோடி செஞ்சு கொண்டாறேன்."

அவர் அந்த நகக்கீற்றை வெகுநேரம் பார்த்தார். சாவிக்காரனைத் திரும்பிப் பார்த்து, "நீ களத்துக்குப் போப்பா, சோலியப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வளையத்தை மறுபடி மாட்டி வால்வைத் திறந்தார்கள். பம்ப்பு ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீரைப் பிடித்தது. சத்தியபிரியா அங்கே நிற்கவில்லை. பைப் போகிற வழியில், அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி மலையேறத் தொடங்கினாள். எதிரே ஒன்றும் தெரியவில்லை. காப்பிச்செடி, பாறை, பாதை எல்லாம் வெள்ளைக்குள் கரைந்திருந்தன. கைக்கடியில் மட்டும் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. சில்லென்று, ஒரு நீளமான மிருகம் இருட்டுக்குள் நகர்வது போல. சில இடத்தில் அது அவளை முந்தியது. சில இடத்தில் மேடு ஏறத் திணறிக் காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

மேலே எங்கோ, எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாத இடத்தில், ஒரு குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது. இருமியது. பிறகு அலுமினியக் குடத்தின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"ஏய், பீலி வந்துருச்சுடி!" என்று யாரோ கத்தினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற ஓசை, மேகத்துக்குள் வரிசையாகக் கேட்டது.